பாட்டு வந்தது, வரலாறு வரவில்லை: பாளையங்கோட்டை அச்சகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்காக 2006-இல் ஒரு மலர் அச்சிட்டார்கள். முன்பாதியில் கோயில் வரலாறு, பீடங்களின் விவரம், கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர் குடும்பங்களின் பட்டியல். பின்பாதியில், அந்த ஊருக்கு வழக்கமாக வந்து பாடும் வில்லிசைப் புலவரிடம் கேட்டு எழுதிய கதைப்பாட்டு. இத்தனை காலம் கழித்து அதையே கூடுதல் பக்கங்களோடு மறுபதிப்புப் போடலாம் என்று விழாக் கமிட்டி முடிவு செய்தது. முதலில் அடித்துக் கொடுத்த பாளையங்கோட்டை அச்சகத்துக்கே வந்தார்கள். கோப்பு பத்திரமாக இருந்தது. ஆனால் அச்சகத்தின் புதுக் கணினியில் பாட்டு மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் நின்றது. வரலாறும் பட்டியலும் இருந்த பக்கங்களில் வெறும் கட்டங்கள்.

நெல்லை வட்டாரத்து அச்சகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுப்பவன் என்பதால் இதைச் சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊர், ஆள், கடைப் பெயர்களை விட்டுவிட்டு நடந்ததை விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் கோப்புகள் கிடக்கும் அச்சகங்கள் டவுனிலும் தென்காசியிலும் அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் திசையன்விளையிலும் இருக்கின்றன. கும்பாபிஷேக மலர், தேவாலயத்து அசன விழா மலர், சபை வரலாறு, பள்ளிக்கூட நூற்றாண்டு மலர் என்று இந்தச் சீமையின் ஊர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி வைத்தவை அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. அச்சடித்த பிரதிகள் முந்நூறோ ஐந்நூறோ. அவற்றிலும் பாதி பரணில் பூச்சி அரித்துப் போயிருக்கும். ஆகவே இது ஒரு கடையின் தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

மாறியவை எல்லாம் ஒன்றாக மாறின

அச்சகத்தில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டாலும், இணையத்தோடு இணைக்காமல் பக்கம் கோக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 ஓட்டுவதற்கென்றே வைத்திருந்தார்கள். மற்றது விண்டோஸ் 10. பில் போடுவதும், வாட்ஸப்பில் வரும் மேட்டரை எடுப்பதும், சிவகாசிக்குக் கோப்பு அனுப்புவதும் அதில். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் காலக்கெடு முடிந்தது. பழையதில் ஹார்டு டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியிருந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி ஒன்றை வாங்கி எல்லா வேலையையும் அதில் சேர்த்தார் உரிமையாளர்.

போனில் அவர் சொன்னது இப்படி: "ஏ தம்பி, பழைய சிஸ்டத்துல நல்லாத்தானே ஓடிட்டு இருந்துது. புதுசுக்கு மாத்துன பொறவு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா நிக்கு. அப்டேட்டு அம்புட்டையும் அழிச்சிட்டு போலிருக்கே?"

"அழியல அண்ணாச்சி. உள்ளதான் இருக்கும். நான் வார வரைக்கும் அந்த ஃபைல யாரும் சேவ் பண்ண வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லிருங்க."

ஆனால் அதற்குள் ஒரு தடவை சேவ் ஆகியிருந்தது. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

அண்ணாச்சி 'அப்டேட்' என்று ஒரு சொல்லில் அடக்கியதற்குள் பல மாற்றங்கள் இருந்தன. இயங்குதளம் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போயிருந்தது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. எழுத்துருக்கள் புதிதாக நிறுவப்பட்டிருந்தன. டிரைவ் எழுத்து மாறியிருந்தது. பில் மென்பொருளும் பேஜ்மேக்கரும் முதன்முறையாக ஒரே கணினிக்குள் வந்திருந்தன. இவை தனித்தனியாக நடந்திருந்தால் எது எதைக் கெடுத்தது என்று ஆபரேட்டர் தம்பியே கண்டுபிடித்திருப்பான். ஒன்றாக நடந்ததால் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை.

கோப்புக்குள் இருப்பது எண்கள்

பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001-இல். அதற்குப் பிறகு அடுத்த பதிப்பு வரவே இல்லை. எல்லா மொழிகளின் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையை அறியாத மென்பொருள் அது. அதில் தட்டச்சு செய்த தமிழ், தமிழாகக் கோப்பில் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரைவது என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால் ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்ட வேண்டும். கோப்பில் பதிவதும் அந்த ஐந்து குறிகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த ஆங்கிலக் குப்பை. பழைய ஆபரேட்டர்கள் அதையே சரளமாக வாசிப்பார்கள்.

இங்கேதான் இரண்டு குறியீடுகளின் வேறுபாடு முக்கியமாகிறது. பாமினி பெரும்பாலும் 128-க்குக் கீழே உள்ள எண்களிலேயே, அதாவது ஆங்கில விசைப்பலகையின் குறிகளிலேயே, தமிழை உட்கார வைக்கிறது. 1999-இல் தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப் குறியீடு வேறு வகை. ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் வேண்டும் என்பதற்காகக் கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, 128-க்கு மேலே தமிழை வைத்தார்கள். நல்ல யோசனைதான், ஆண்டு, தொகை, ஆங்கிலப் பெயர் எல்லாம் கலந்து வரும் ஒரு மலருக்கு மிகவும் வசதி.

2006-இல் இந்த மலரைக் கோத்தவர்கள் இருவர். வரலாற்றையும் பட்டியலையும் கடைக்காரரே டாப் எழுத்துருவில் அடித்திருக்கிறார். பாட்டை வெளியே கொடுத்து அடித்து வாங்கியிருக்கிறார்கள், வந்தது பாமினியில். பக்கத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த வேறுபாடு திரையில் வெளிப்பட இயங்குதளம் மாற வேண்டியிருந்தது.

முதல் அடுக்கு: எழுத்துரு இருந்தும் இல்லாதது

ஆபரேட்டர் முதலில் கோப்பைத் திறந்தபோது பாட்டும் வரவில்லை. 'பானோஸ்' என்ற தலைப்போடு ஒரு பெட்டி வந்திருக்கிறது. கோப்பு கேட்கும் எழுத்துரு கணினியில் இல்லையென்றால், தோற்றத்தில் நெருங்கிய வேறொன்றை வைக்கட்டுமா என்று பேஜ்மேக்கர் கேட்கும் பெட்டி அது. தற்காலிகமாகவா நிரந்தரமாகவா என்றும் கேட்கும். தம்பி நிரந்தரம் என்று கொடுத்து, சேவ் செய்துவிட்டான்.

எண்கள் அப்படியே இருந்தன, எதுவும் அழியவில்லை. போனது எழுத்துருவின் பெயர். யூனிகோடு இல்லாத கோப்பில் 'இந்தப் பத்தி பாமினி, இந்தப் பத்தி டாப்' என்று சொல்லும் ஒரே சாட்சி அந்தப் பெயர்தான். இரண்டையும் ஒரே ஆங்கில எழுத்துருவாக்கிவிட்டால் எது எந்தக் குறியீடு என்பதை எண்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியதாகிவிடும். நல்ல வேளையாக அண்ணாச்சி 2006-இல் எரித்து வைத்த சிடி மேசை டிராயரில் இருந்தது, படிக்கவும் செய்தது. அதிலிருந்து எடுத்த பிரதியை 'படிக்க மட்டும்' என்று பூட்டி, அதன் நகலில்தான் மீதி வேலையைச் செய்தோம்.

எழுத்துருக்களை நிறுவியிருந்தும் பேஜ்மேக்கர் ஏன் காணவில்லை? 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, நிர்வாகி உரிமை இல்லாதவரும் எழுத்துரு நிறுவிக்கொள்ளலாம். அப்படி நிறுவினால் அது விண்டோஸின் பொது ஃபான்ட்ஸ் அடைவுக்குப் போகாமல் அந்தப் பயனரின் சொந்த அடைவுக்குள் போய் உட்காரும். பழைய மென்பொருள்கள் பல அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இந்தக் கடையில் இன்னொரு முடிச்சும் இருந்தது. ஆபரேட்டர் தன் கணக்கில் இரட்டைச் சொடுக்கு கொடுத்து எழுத்துருக்களை நிறுவியிருந்தான். பேஜ்மேக்கரோ அண்ணாச்சியின் நிர்வாகிக் கணக்கின் உரிமையில் திறக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வலது சொடுக்கில் வரும் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' வழியாக மறுபடி நிறுவியதும் சுடலை கதை திரைக்கு வந்தது. வரலாறு வரவில்லை.

இரண்டாம் அடுக்கு: ஒரு சின்னக் கட்டத்தில் விழுந்த டிக்

முதல் பாதியில் ஆண்டுகளும் தொகைகளும் ஆங்கில முதலெழுத்துகளும் தெரிந்தன. தமிழ் மட்டும் கட்டம். 128-க்குக் கீழே உள்ளவை பிழைத்திருக்கின்றன, மேலே உள்ளவை விழுந்திருக்கின்றன என்பது இந்த ஒரு காட்சியிலேயே தெளிவாகிவிட்டது. எழுத்துருவில் கோளாறு என்றால் ஆங்கிலமும் போயிருக்கும். ஆகவே பார்க்க வேண்டிய இடம் இயங்குதளத்தின் குறியீட்டு அமைப்பு.

ரீஜியன் அமைப்புக்குள் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' தாவல், அதில் 'சேஞ்ச் சிஸ்டம் லொக்கேல்' என்ற பொத்தான். அழுத்தினால் வரும் பெட்டியின் அடியில் 'பீட்டா' என்ற முன்னொட்டோடு ஒரு தேர்வு இருக்கும்: யூனிகோடு அறியாத மென்பொருள்களுக்கும், யூனிகோடைப் பதியும் முறையான யுடிஎஃப்-8-ஐப் பயன்படுத்து என்பது அதன் பொருள். 2018-இல் சேர்க்கப்பட்ட தேர்வு. இயல்பில் அணைந்தே இருக்கும். இங்கே டிக் போடப்பட்டிருந்தது. கேட்டால், பில் மென்பொருளில் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்தால் கேள்விக்குறியாக வந்ததாம். அதைச் சரிசெய்ய யாரோ சொல்லிப் போட்டார்களாம். பில்லில் தமிழ் ஒழுங்காக வந்தது. பேஜ்மேக்கரில் தமிழ் போனது.

காரணம் நேரானது. யுடிஎஃப்-8 முறையில் 128-க்குக் கீழே உள்ள எண் தனித்து நிற்கலாம். ஆங்கில எழுத்து ஒன்றைக் குறிக்கும். 128-க்கு மேலே உள்ள எண் தனியாக நின்றால் பொருளில்லை. இரண்டு மூன்று சேர்ந்துதான் ஓர் எழுத்தாகும். யூனிகோடு தமிழ் எழுத்துக்கு மூன்று தேவை. பேஜ்மேக்கர் தன் பழைய வழக்கப்படி ஓரெண் ஓரெழுத்து என்று அனுப்ப, இயங்குதளம் அதை யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு, பொருளற்றது என்று கட்டம் போட்டுவிட்டது. பாமினி கீழ்ப்பாதியிலேயே குடியிருந்ததால் அந்த வெட்டு அதன்மேல் விழவில்லை. நெறிப்படி, அரசு ஏற்ற குறியீட்டில் அடித்த பகுதி விழுந்தது. தட்டச்சு வசதிக்காகப் பிறந்த பாமினியில் அடித்தது பிழைத்தது. பழைய கோப்புகளில் எது தேறும் என்பதை அதன் தரத்தை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

டிக்கை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கியதும் வரலாறு வந்தது. பில் மென்பொருளைப் பழைய விண்டோஸ் 10 கணினிக்கே தற்காலிகமாகத் திருப்பினோம்.

மூன்றாம் அடுக்கு: பூட்டு

கூடுதல் பக்கங்களுக்கு மேட்டர் அடிக்க வேண்டும். டாப் எழுத்துருவில் அடிக்க உதவிய பழைய தமிழ் மென்பொருள், கணினியின் பின்புறம் செருகும் டாங்கிள் என்ற பூட்டு இருந்தால்தான் ஓடும். அந்தப் பூட்டுக்கான டிரைவரை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு இயங்கும்போது, அதற்குப் பொருந்தாத பழைய டிரைவர்களை ஏற்ற விடாது. அந்தப் பாதுகாப்பை அணைக்கலாம். அணைத்துப் பார்க்கும் கடைகள் உண்டு. நான் சம்மதிக்கவில்லை. ஜிஎஸ்டி கணக்கும் வங்கிக் கணக்கும் திறக்கும் கணினி அது. பதினைந்து பக்க மேட்டருக்காகக் கதவைத் திறந்து போடுவது நியாயமில்லை. புது மேட்டரை யூனிகோடில் அடிப்பது என்று முடிவாயிற்று. அந்த முடிவே பின்னால் முழு மலருக்கும் வழி காட்டியது.

படங்களின் கதையை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. பேஜ்மேக்கர் பெரிய படங்களைக் கோப்புக்குள் வைக்காமல், இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். டி டிரைவ் புதுக் கணினியில் ஈ ஆகியிருந்தது. எழுத்தை மாற்றிக் கொடுத்ததும் பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன.

இயங்குதளம் ஏன் எழுத்துருவில் கை வைக்கிறது

'நல்லா ஓடிட்டிருந்தத ஏன் கெடுக்காவ?' என்று அண்ணாச்சி கேட்டதற்கு விடை சொல்ல வேண்டும். எழுத்துரு என்பது வெறும் படத்தொகுதி அல்ல. இயங்குதளம் அதை உள்ளே வாங்கிப் பிரித்துப் பார்த்து, அதிலுள்ள கட்டளைகளை நடத்தித்தான் எழுத்தை வரைகிறது. நெடுங்காலம் விண்டோஸ் அந்த வேலையைத் தன் மையப் பகுதியிலேயே செய்தது. ஆகவே திட்டமிட்டுக் கெடுத்துச் செய்த எழுத்துரு ஒன்றை அனுப்பிக் கணினியையே கைப்பற்ற முடிந்தது. 2015 ஜூலையில் அப்படிப்பட்ட ஓட்டை ஒன்றை அடைக்க மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. எழுத்துருவைக் கையாளும் பகுதி மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்த மாற்றம் சில சமயம் கையைச் சுடும். 2012 டிசம்பர் 11-இல் வந்த கேபி 2753842 என்ற பாதுகாப்புத் திருத்தம் அதற்குப் பதிவான சான்று. அதை நிறுவியதும் கோரல்டிராவிலும் வேறு சில மென்பொருள்களிலும் ஓப்பன்டைப், டைப் 1 எழுத்துருக்களில் இருந்த எழுத்துகள் ஒழுங்காகத் தெரியாமல் போயின. உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் முறையிட்டார்கள். டிசம்பர் 20-இல் அதே திருத்தத்தைச் சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். இடையில் ஒன்பது நாள். நம் ஊரில் மார்கழி விழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஃபிளெக்ஸும் அழைப்பிதழும் ஓடும் காலம். அந்த நாட்கள் எவ்வளவு பெரியவை என்பது கடை நடத்துபவர்களுக்குத் தெரியும்.

மேக்கிண்டாஷிலும் இதே கதைதான். 2019-இல் வந்த கேட்டலினா 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. மென்பொருள் நிறுவனங்களும் தம் பங்குக்குப் பழையதைக் கைவிடுகின்றன. டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவை 2023 ஜனவரியோடு முடிப்பதாக அடோபி 2021-லேயே அறிவித்து, அப்படியே செய்தது. கையைச் சுட்ட அந்தத் திருத்தம் போன்ற முதல் வகை வெறும் பிழை, சில நாளில் திருத்தலாம். ஆதரவை நிறுத்தும் இரண்டாம் வகை, முடிவு. அது திரும்ப வராது. கடைக்காரர் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும். முதலாவதற்குக் காத்திருந்தால் போதும். இரண்டாவதற்குக் காத்திருந்தால் கோப்பு போய்விடும்.

ஏன் இவ்வளவு காலம் பேஜ்மேக்கர்?

வெளியே இருந்து பார்ப்பவர்கள் நம் அச்சகத்தாரைப் பழமை விரும்பிகள் என்று சொல்வதுண்டு. அது அநியாயம். பேஜ்மேக்கருக்கு அடுத்து வந்த இன்டிசைனில் யூனிகோடு தமிழை இட்டால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகும். தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதியை இன்டிசைன் முறையாக அறிவித்தது 2012-இல், சிஎஸ்6 பதிப்பில். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில். அச்சுக்குப் போகும் மென்பொருள் அதற்கும் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதுவரை 0 முதல் 255 வரை எண் கொண்ட எட்டு பிட் எழுத்துருவைத் தவிர அச்சகத்தாருக்கு வேறு போக்கிடம் இருந்ததில்லை.

இதில் வருந்தத்தக்க பொருத்தம் ஒன்று உண்டு. பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை நேரடியாகத் திறக்கும் கடைசி இன்டிசைனும் அதே சிஎஸ்6தான். அடுத்த ஆண்டு வந்த சிசி பதிப்பிலிருந்து அந்த வாசல் அடைபட்டது. தமிழ் சரியாக நிற்கத் தொடங்கிய பதிப்பிலேயே பழைய தமிழ்க் கோப்புக்கான வழி முடிந்துவிட்டது. அந்த ஒரு பதிப்புக் காலத்தில் மாறியவர்கள் மிகச் சிலர்.

மீட்ட விதம்

முதல் வேலையாக மலர் முழுவதையும் பிடிஎஃப் ஆக்கினோம். போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் ஒன்றை நிறுவி, அதற்கு அச்சிட்டு, வந்த கோப்பை டிஸ்டில்லரில் இட்டு எடுத்தது. எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்துவிட்டதால் இனி எந்தக் கணினியிலும் பக்கம் இப்படியே தெரியும். அண்ணாச்சிக்கு அதோடு நிறைவுதான். எனக்கு இல்லை. அந்தப் பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிக் காட்டினேன். வந்தது ஆங்கிலக் குப்பை. தேடினால் ஒரு பெயரும் கிடைக்காது. தாத்தா பெயர் வரிதாரர் பட்டியலில் இருக்கிறதா என்று சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒரு பேரன் கேட்டால், பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பிடிஎஃப் பக்கத்தின் முகத்தைக் காப்பாற்றும், எழுத்தைக் காப்பாற்றாது. காப்பாற்ற வேண்டியது எழுத்து. அதை யூனிகோடுக்குக் கொண்டு வராமல் விட்டால், அடுத்த கணினி மாற்றத்தில் இதே வேலையை இன்னொருவர் இன்னும் குறைந்த துப்போடு செய்ய நேரும்.

பேஜ்மேக்கரில் உரையைத் தனியாக ஏற்றுமதி செய்யலாம். பாமினிப் பகுதி தனி, டாப் பகுதி தனி என்று பிரித்து எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டரில் இட்டு யூனிகோடு ஆக்கினோம். பொறி தட்டியது போல் மாறிவிடும். உழைப்பு அதற்குப் பிறகுதான். குறியீட்டு மாற்றியால் பிடிக்க முடியாத பிழைகள் வகை வகையாக இருந்தன. இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும் என்பதால் விரித்துச் சொல்கிறேன்.

காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றதை அடித்திருந்தால் அச்சில் யாருக்கும் தெரிந்திருக்காது. யூனிகோடில் 'பாடல்' என்பது 'பரடல்' என்று நிற்கிறது. ஔகாரம் வர வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். தலைப்புகள் சில உடல் எழுத்துக்கு மாறான குறியீட்டில் இருந்தன. அவை மட்டும் மாற்றத்தில் சிதறின.

கோயில் மலர் என்பதால் 'ஸ்ரீ' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுத முடியும்: ஸகரத்தை முதலாக வைத்தும், ஶகரத்தை முதலாக வைத்தும். திரையில் இரண்டும் ஒரே வடிவம். தேடலில் இரண்டும் வேறு. மலர் முழுக்க ஒன்றையே வைப்பது என்று முடிவு செய்து ஒரே மூச்சில் மாற்றினோம். அழைப்புப் பக்கத்தில் 'பார்த்திப ௵ பங்குனி ௴' என்று மரபுக் குறிகளோடு தேதி இருந்தது. வருடம், மாதம், நாள் மூன்றுக்குமான அந்தக் குறிகள் வேறொரு எழுத்துருவில் இருந்ததால் மாற்றத்தில் பொருளற்ற எழுத்துகளாகிவிட்டன. யூனிகோடில் மூன்றுக்கும் இடமுண்டு. கையால் தேடிப் போட்டோம்.

பட்டியலைச் சரிபார்க்கக் கமிட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அச்சான பழைய பிரதி அவர் கையில். பெயரை நான் வாசிக்க வாசிக்க, 'அது அவிய மூத்த மகன், எழுத்து சரிதான்' என்று ஒவ்வொரு குடும்பத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். எந்த மென்பொருளும் செய்ய முடியாத சரிபார்ப்பு அது. தந்தை பெயரின் முதலெழுத்து மாறியிருந்த இடங்களைக் கண்டது அவர்தான். 2006 அச்சிலேயே அவை பிழை.

பாட்டுக்குப் புலவரையே போய்ப் பார்த்தோம். இப்போது வில்லடிக்கப் போவதில்லை. குரல் மட்டும் குறையவில்லை. யூனிகோடில் எடுத்த உரையைச் சொல்திருத்தி உள்ள நிரலில் திறந்து காட்டியிருந்தேன். பாதிச் சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு. 'வந்தாவ', 'சொன்னாவ' என்று பாட்டில் வரும் இடமெல்லாம் கோடு. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எழுத்தத் திருத்துங்க தம்பி. பேச்சத் திருத்தாதிய." சொல்திருத்தியை அணைத்துவிட்டு, அவர் பாடிக் காட்ட, வரி வரியாக ஒப்பிட்டோம். 2006-இல் பக்கத்துக்கு அடங்கவில்லை என்று கழித்திருந்த சில அடிகள் அப்போதுதான் வெளியே வந்தன. குடியழைப்புக்குப் பாடும் பகுதியில் நான்கு வரி, சாமக்கொடைப் பகுதியில் ஒரு முழுக் கண்ணி. மறுபதிப்பில் அவை சேர்ந்திருக்கின்றன.

பக்கக் கோப்புக்கு ஸ்கிரைபஸ் எடுத்தோம். கட்டணமில்லாத மென்பொருள், 2024-இல் வந்த 1.6 பதிப்பு தமிழைக் கொம்பு, புள்ளி விலகாமல் கோக்கிறது. பிளேட் போடும் இடத்தில் கேட்பது பிடிஎஃப் மட்டும்தான் என்பதால் எந்த மென்பொருளில் கோத்தது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. ஆபரேட்டர் தம்பிக்கு முதலில் கை வரவில்லை. பத்துப் பக்கம் தாண்டியதும் பழகிவிட்டான்.

காசு யார் கொடுப்பது

அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. "பத்து ரூவா அழைப்பிதழுக்கே பேரம் பேசுதாவ. இந்த வேலைக்கு யாருவே காசு குடுப்பா?" இந்த மலரில் கமிட்டி கொடுத்தது. பில்லில் 'உரை மீட்பு' என்று தனி வரி போட்டு, பழைய பக்கத்துக்கு இவ்வளவு, புதுப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டினோம். கூடவே யூனிகோடு உரை, எழுத்துரு பதிந்த பிடிஎஃப், மூலப் படங்கள் மூன்றையும் ஒரு பென்டிரைவில் இட்டுக் கமிட்டிக்குக் கொடுத்தோம். தர்மகர்த்தா அதைக் கோயில் கணக்குப் புத்தகத்தில் பதிந்து வாங்கிக்கொண்டார். அச்சகத்தின் பொறுப்பில் மட்டும் இருந்தவரை அந்த ஊரின் வரலாறு ஒரு ஹார்டு டிஸ்கின் ஆயுளை நம்பியிருந்தது. ஊரின் எழுத்து ஊரிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதை எல்லா அச்சகங்களும் வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புது மலர் அடித்துக் கொடுக்கும்போதே அதையும் கொடுத்துவிட்டால் செலவே கிடையாது.

கடையில் இப்போது நடைமுறை மாறியிருக்கிறது. இயங்குதளத்தின் பெரிய பதிப்பு மாற்றங்கள் மட்டும் கொடைக் காலம் முடியும்வரை தள்ளி வைக்கப்படுகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வருகின்றன. எந்த மலர் எந்த எழுத்துருவில், எந்தக் குறியீட்டில் என்று ஒரு நோட்டில் எழுதி, எழுத்துருக் கோப்புகளையும் மலரின் அடைவுக்குள்ளேயே வைக்கிறார்கள். பழைய விண்டோஸ் 7 கணினியின் வட்டை அப்படியே பிம்பமாக எடுத்து, புதுக் கணினிக்குள் மெய்நிகர் இயந்திரமாக ஓட வைத்திருக்கிறேன். அதற்கு இணையம் கிடையாது. மூலக் கோப்பைத் திறந்து பார்க்கவும் உரையை எடுக்கவும் மட்டும் அது. அதில் புது வேலை எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

டிராயரில் இன்னும் சிடிகள் இருக்கின்றன. சில ஏற்கெனவே படிக்க மறுக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்று அண்ணாச்சியோடு உட்கார்ந்து வரிசை போட்டோம். பாமினியில் உள்ளவை காத்திருக்கலாம். அந்த எழுத்துரு எங்கும் கிடைக்கும், மாற்றிகளும் நிறைய. டாப்பும், அதோடு வந்த தமிழ் மட்டுமுள்ள டாம் குறியீடும் அடுத்து. பூட்டோடு வந்த தனியார் குறியீட்டில் இருப்பவைதான் முதலில். அவற்றின் எழுத்துரு அந்தப் பழைய வட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. அந்த வகையில் முதலாவதாக எடுத்திருப்பது அம்பாசமுத்திரம் பக்கத்துச் சபை ஒன்றின் வரலாற்று மலர். குறியீட்டு அட்டவணை கிடைக்காததால், எழுத்துருவைத் திறந்து எந்த எண்ணில் எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கிறோம். உயிர்மெய்களில் உகர வரிசை வரை முடிந்திருக்கிறது.